அக்ரூட் வளைவில் அணைந்த வண்டி

செர்னி வீர் ஊரில் பேய் கிடையாது என்று நடுத்தெருவில் நின்று சொல்லக்கூடிய ஒரே ஆள் சாங்கோதான். மற்றவர்களுக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் எதற்கு வம்பு என்று வாயைத் திறக்க மாட்டார்கள். சாங்கோ வண்டிகளுக்கு மின்வேலை பார்ப்பவன். ஐம்பதைத் தாண்டியவன், தொப்பைக்காரன். மனைவி இத்தாலியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். ஞாயிறுதோறும் போனில் கூப்பிட்டு அவனைத் திட்டுவாள். அவன் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டே வேலை செய்வான். ஹாரன் தானாக அடிக்கிறது, விளக்கு தானாக எரிகிறது என்று யாராவது வெளிறிப்போய் வந்தால், "உங்க மாமியார் ஆவி இல்லய்யா, எலி ஒயரைக் கடிச்சிருக்கு" என்பான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதை இந்த ஊர்க்காரர்களை வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு டிராக்டர் ராங்கெலின் வெள்ளை வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. மலைமேல் கிராமங்களுக்கு ரொட்டி கொண்டு போகிற வேன். ராங்கெல் இறங்கினான். வாட்டசாட்டமான பையன், வேனைத் திரும்பிப் பார்க்காமலே வந்தான்.

"அண்ணே, மறுபடியும் அதே எடத்துல நின்னு போச்சு."

"எந்த எடம்?"

"வேற எது? மலையிறக்கத்துல, அக்ரூட் மரத்து வளைவுதான்."

சாங்கோ விதைத்தோலைத் துப்ப மறந்தான். மூன்று வருடத்துக்கு முன் ராங்கெலின் அண்ணன் மில்கோ ரொட்டி வேனோடு உருண்டது அங்கேதான். மூடிப்போன ஒரு சலவைக் கம்பெனியிடம் அண்ணனும் தம்பியும் ஒன்றாக வாங்கிய ஜோடி வேன்களில் அது ஒன்று, இது மற்றொன்று. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். அவன் படம் போட்ட இரங்கல் தாள் இன்றும் அவர்கள் வீட்டு வாசற்கதவில் ஒட்டியிருக்கிறது. வெளுக்க வெளுக்க அம்மா வெலிகா புதிது ஒட்டுவாள்.

"எறங்கி வர்றப்ப மீட்டர் முள்ளெல்லாம் ஒண்ணா விழுதுண்ணே. எல்லா லைட்டும் எரியுது. இன்ஜின் செத்துடுது. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுது, பிரேக்க ஏறி மிதிச்சாலும் எறங்க மாட்டேங்குது. இந்தத் தடவ முன்சக்கரம் கல்லுக்கட்டு மேல ஏறிடுச்சு. அடுத்த தடவ..." முடிக்காமல் விட்டான்.

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"அண்ணன் கூப்பிடுறானாம். ஒரே தொட்டில்ல கெடந்தவங்க, தனியா இருக்கப் பிடிக்கலயாம்."

"உங்க அண்ணனுக்குக் கூட்டு வேணும்னா எங்கிட்ட வரச் சொல்லு. நானும் தனியாத்தான் இருக்கேன். வண்டிய விட்டுட்டுப் போ."

ராங்கெல் சிரிக்கவில்லை. டிராக்டர்காரன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

நல்ல மத்தியான வெயில். பட்டறை வாசலில் உட்கார்ந்து சாங்கோ பானிட்சா என்கிற பாலாடைக்கட்டி அடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். சாவியை ராங்கெல் மறந்துபோய்ச் சட்டைப்பையிலேயே கொண்டுபோயிருந்தான், ஊரின் அந்தக் கோடிக்கு. உள்ளே ரேடியேட்டர் விசிறி சுற்றத் தொடங்கியது. அவன் மெல்லுவதை நிறுத்தினான். விசிறி கொஞ்ச நேரம் சுற்றியது, நின்றது. யாரோ யோசிப்பது போல ஒரு இடைவெளி. மறுபடி சுற்றியது.

"எலி" என்றான் சாங்கோ சத்தமாக. சொன்ன பிறகு யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஆள் விட்டுச் சாவியை வாங்கிச் சோதனைக் கருவியை மாட்டினான். வேனின் கம்ப்யூட்டர் ஒரு நிமிடம் பதில் சொல்லும், அப்புறம் ஊமையாகிவிடும். சொன்ன பதிலும் பிதற்றல். இன்ஜின் சைபீரியப் பனியில் உறைந்திருப்பதாகச் சொன்னது; அடுத்த மூச்சில் கொதிக்கிறது என்றது. சென்சார் ஒவ்வொன்றும் செத்துவிட்டதாக அழுதது. எல்லாம் ஒரே நாளில் சாகுமா? பேட்டரியைப் பார்த்தான், நன்றாக இருந்தது. எர்த் ஒயர்களைச் சுரண்டிப் பார்த்தான், பழுதில்லை. கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்து அளந்தான். எல்லாம் சரி. ஆக நோய் கைகாலில் இல்லை, மண்டையில்.

அந்த மண்டை இருக்கும் இடம் முன்கண்ணாடிக்குக் கீழே, துளைபோட்ட பிளாஸ்டிக் மூடிக்கு அடியில், ஒரு சின்னத் தொட்டி மாதிரிப் பள்ளத்தில். கழற்றிப் பிளந்தான். உள்ளே பச்சைப்பசேலென்று உப்புப் பூத்திருந்தது. தண்ணீர் குடித்த கம்ப்யூட்டர். பள்ளத்தில் தேங்குகிற தண்ணீர் சமதரையில் சும்மா கிடக்கும். அக்ரூட் வளைவில் வண்டி மூக்கைக் கவிழ்த்து இடப்பக்கம் சரியும்போது மட்டும் பெட்டிக்குள் பாயும். அவ்வளவுதான் பேய். சாங்கோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓரத்தில் மக்கிய இலை ஒன்று ஒட்டியிருந்தது. காற்றில் வந்திருக்கும் என்று ஊதித் தள்ளினான்.

இனி இது தேறாது. அதே எண் பொறித்த வேறொன்று வேண்டும். அதையும் அப்படியே மாட்டிவிட முடியாது. வேனின் சாவியை அடையாளம் காட்டும் ரகசியம் பழையதன் ஞாபகத்தில் இருக்கிறது. அந்த ஞாபகத்தை உறிஞ்சிப் புதியதற்குள் ஊற்றினால்தான் வண்டி அதை ஏற்றுக்கொள்ளும். உடைந்த வண்டிகளை வாங்கிப் போடும் டெல்ச்சோவிடம் எண்ணைச் சொன்னான்.

"ஒண்ணு கெடக்கு" என்றான் டெல்ச்சோ. "ஆனா உனக்கு வேணாம்."

"ஏன்?"

"மில்கோ வண்டியோடது."

"நல்லதாப் போச்சு. ஒரே குடும்பம்."

"உனக்கு நாக்குல நரம்பே இல்லடா. நான் கூட வர மாட்டேன், நீயே போய்க் கழட்டிக்க."

வேன் முட்செடிக்குள் மூழ்கிக் கிடந்தது. முகப்பு நசுங்கியிருந்தாலும் கம்ப்யூட்டர் இருந்த பள்ளம் முழுசாக இருந்தது. ஓட்டுநர் இருக்கையைப் பார்க்காமலேயே சாங்கோ கழற்றி எடுத்தான். பட்டறைக்கு வந்து பிளந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். இதிலும் பச்சை உப்பு. இதிலும் ஓர் இலை. இது காய்ந்து, நரம்பெல்லாம் தெரிய, பலகையில் பதிந்திருந்தது. முகர்ந்தான். இவ்வளவு வருடம் கழித்தும் லேசான வாசம். வீட்டு வாசலில் ஆரோக்கியத்துக்கென்று வளர்க்கும் ஸ்த்ராவெட்ஸ் தழை. மலைச்சாலையில் அது முளைப்பதில்லை. இன்ஜினுக்குள் அதற்கு என்ன வேலை? விடை தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டான்.

செத்ததுதான் என்று தெரிந்தும் மேசையில் வைத்து அதற்கு மின்சாரம் கொடுத்தான். ஏன் கொடுத்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. டிக், டிக் என்று ஏதோ துடித்தது. திரையில் எழுத்துகள் வந்தன. கடைசியாக அது பதிந்து வைத்திருந்த கணம்: சக்கரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, இன்ஜின் ஓடவில்லை, பிரேக் மிதிபட்டிருக்கிறது. அவன் படிப்பதற்குக் காத்திருந்தது போல அது அணைந்துபோனது. அதற்குப் பிறகு எவ்வளவு முயன்றும் அது வாய் திறக்கவில்லை.

மில்கோ தூங்கவில்லை. முழு விழிப்போடு, இறங்காத பிரேக்கை மிதித்துக்கொண்டே போயிருக்கிறான்.  சாங்கோ பட்டறைக்குள் இருக்க முடியாமல் எழுந்துபோய்த் தெருவோர வெயிலில் நின்றான். போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வணக்கம் வைத்தான், மனிதக் குரல் வேண்டியிருந்தது.

பிளெவென் நகரத்திலிருந்து பஸ்ஸில் வேறொரு கம்ப்யூட்டர் வந்தது. பழையதன் ஞாபகத்தை அதற்குள் ஊற்றி மாட்டினான். முதல் திருகிலேயே இன்ஜின் பிடித்தது. பள்ளத்தின் வடிகாலைக் குத்திச் சுத்தம் செய்தான், பெட்டியின் மூட்டெல்லாம் ரப்பர் பசை தடவினான். அக்ரூட் வளைவில் தானே ஏறி இறங்கினான். வண்டி கன்றுக்குட்டி மாதிரி சொன்னபடி கேட்டது.

மறுநாள் காலை ராங்கெல் வந்தான், கூடவே வெலிகாவும். கறுப்பு உடை, தலையில் கறுப்புத் துணி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்த செம்புப் பாத்திரம். அதில் தண்ணீர். தண்ணீரில் மிதக்கும் அதே ஸ்த்ராவெட்ஸ் தழை.

பயணம் கிளம்புகிறவர்களுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றுவது ஊர் வழக்கம்தான். தண்ணீர் ஓடுவது போலக் காரியம் தடையில்லாமல் ஓடட்டும் என்று. எல்லோரும் தரையில் ஊற்றுவார்கள். வெலிகா வேனின் மூக்கில் தெளித்தாள். பிறகு எக்கி நின்று முன்கண்ணாடியில் சாய்த்தாள். தண்ணீர் வழிந்து, பிளாஸ்டிக் மூடியின் துளைகளுக்குள் இறங்கியது.

"நிறுத்துக்கா!"

சாங்கோ கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரன் வெளியே வந்தான். பாத்திரம் பாதி சாய்ந்தபடி வெலிகா திரும்பினாள்.

"ஏன்டா தம்பி இப்படிக் கத்துற? இன்னும் பாதி இருக்கு. கொறைக்கக் கூடாது. மில்கோவுக்குத் தெனமும் முழுச் செம்பு ஊத்துவேன். அன்னைக்கு அடுப்புல ரொட்டி தீயுதேன்னு ஒரு கைதான் தெளிச்சேன். ஒரே ஒரு நாளு. அன்னைக்குத்தான் போய்ட்டான்."

சாங்கோ வாயைத் திறந்தான். உண்மை நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் ராங்கெல் பிழைப்பான், இவள் இங்கேயே செத்துவிடுவாள். சொல்லாவிட்டால் நாளைக்கும் முழுச் செம்பு, மறுநாளும் முழுச் செம்பு. எந்தப் பசை எத்தனை நாள் தாங்கும்?

"மில்கோ... கனவுல வந்தான்க்கா" என்றான்.

எதிர்க்கடைக்காரன் வாயைப் பிளந்தான். சாங்கோவா? ராங்கெல் அவனையே பார்த்தான். கனவில் செத்தவர் கேட்டதைக் கொடுக்காமல் விடக்கூடாது என்பது அங்கே சட்டம் மாதிரி.

"என்ன கேட்டான்?" வெலிகாவின் குரல் உள்ளே போய்விட்டது.

"தண்ணி வண்டியில ஊத்த வேணாமாம். எனக்கு ஊத்தச் சொல்லுங்கன்னான். கல்லறையில, செடிக்கு. வண்டிய நான் பாத்துக்கறேன்னான்."

வெலிகா பாத்திரத்தை மெல்லத் தரையில் வைத்தாள். நெருங்கி வந்து அவன் கையைப் பிடித்தாள். அவள் கை ஈரமாக இருந்தது.

"அவன் நனைஞ்சிருந்தானா?"

"என்னக்கா?"

"எங்கிட்ட வர்றப்பல்லாம் சொட்டச் சொட்ட நிக்கிறான்டா. தொவட்டலாம்னு துணி எடுத்துட்டுத் திரும்புனா ஆள் இல்ல. அவன் ஆத்துலயா விழுந்தான்? ரோட்டுலதானே போனான்? அன்னைக்கு மழகூட இல்லயே. ஏன் நனைஞ்சு வர்றான்?"

 பச்சை உப்பைப் பற்றியும் இலையைப் பற்றியும் சாங்கோ ஒரு உயிரிடமும் சொல்லவில்லை.

"இல்லக்கா. காஞ்ச சட்டதான் போட்டிருந்தான்."

அவள் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வேனைப் பார்த்தாள். கண்ணாடியிலிருந்து இன்னும் சொட்டு சொட்டாகத் துளைகளுக்குள் போய்க்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள். தலையிலிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்தாள். நரைத்த தலையோடு தெருவில் நின்று கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள். துணியின் நுனியைத் திருகி, ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டு ஒற்றி எடுத்தாள். சாங்கோ பழந்துணியோடு பக்கத்தில் போனான்.

"நீ வுடு" என்றாள் அவள், திரும்பாமலே. "நாந்தான் தொடைக்கணும்."