ஐந்து குடிகளுக்கும் ஒரு பூட்டு

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல வருடம் யோசித்தேன். எழுதத் தொடங்குவேன், கண்ணகி அம்மாளின் படம் கண்ணில் பட்டதும் வைத்துவிடுவேன். ஒருவருக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன். அவர் கண்மூடி, ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருக்கலாம், சொல்வதில் பிழை இராது.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கமான படுவான்கரையில் இருக்கிறது. என் தம்பி எங்கள் தோணித்துறையில் இருந்துதான் வலைக்குப் போவான். வெளியூர் முதலாளி ஒருவர் துறையை ஒட்டித் தண்ணீரில் வேர்விட்டு நின்ற கண்டல் மரங்களை மெசின் விட்டு வெட்டி, இறால் பண்ணைக்குக் குளம் தோண்டினார். துறைக்குப் போகும் பாதையிலும் முள்ளுக்கம்பி விழுந்தது. ஊர்ப் பிள்ளைகள் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிப் படங்களைப் போட்டார்கள். யாரோ முறைப்பாடு செய்ய, அந்தப் பக்கமே இல்லாமல் போனது. எழுதினவர்களின் வீடுகளுக்குத் தாங்கள் யாரென்று சொல்லாத ஆட்கள் வந்தார்கள். போன்களை வாங்கிப் பார்த்தார்கள். பிள்ளைகளின் பள்ளிக் கொப்பியைக்கூட விடவில்லை.

என் மூத்த மகளின் கணவர் கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர். அவர்தான் லீவில் வந்து, பிளாக்செயின் என்கிற முறையில் ஊருக்கு ஒரு பேச்சு மன்றம் கட்டித் தந்தார்.

“மாமி, எழுத்து ஒரு இடத்தில இருந்தாத்தானே அந்த இடத்துக்காரனப் பிடிச்சு அழிக்கச் சொல்லுவான். இது உலகம் முழுக்கக் கனக்கக் கம்ப்யூட்டரில, சங்கிலி மாதிரிக் கோத்தபடி கிடக்கும். ஒரு கண்ணியத் தொட்டாலும் மத்ததெல்லாம் காட்டிக் குடுத்திரும்.”

“அப்ப ஊர் உலகமெல்லாம் வாசிக்குமே, மகன்?”

“வாசிக்க ஏலா மாமி. பூட்டித்தான் போடுற. திறப்பு நம்மட கையில.”

மன்றத்தில் இரண்டு அறைகள். முதலாவது பேசுவதற்கு. அதில் எவரும் சொந்தப் பெயரில் வரக்கூடாது என்பதால் ஆளுக்கொரு மீன், நண்டு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். என் தம்பி திரளி.

ஒருநாள் நண்டு என்கிற ஆள் எழுதினார்: “திரளி, உன்ட பொஞ்சாதி வச்ச புளியாணம் இஞ்ச வரைக்கும் மணக்குது.”

தம்பி உடனே பதில் போட்டான்: “அப்ப நீ வேலிக்கு அங்கால இரிக்கிற மச்சான்தான். ஓடிப் போய்ப் பேர மாத்து.”

அந்தச் சிரிப்பெல்லாம் கொஞ்சக் காலம்தான்.

இரண்டாவது சாட்சி அறை. துறையின் பழைய படங்கள், கண்டல் வெட்டும்போது எடுத்தவை, கண்டவர்கள் எழுதியவை எல்லாம் அதற்குள் போகும். உள்ளே போட எவராலும் முடியும். திறப்பதற்கு மட்டும் பல பேர் சேர வேண்டும். ஒருவரை மிரட்டினாலும் திறக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அதைப் பேசத்தான் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வெளியில் கூடினோம்.

எங்கள் கண்ணகி அம்மன் கோயிலில் ஐந்து குடிகளுக்கு உரிமை உண்டு. குடி என்பது தாய்வழி வரும் வம்சம். குடிக்கு ஒரு வண்ணக்கர் கோயில் பொறுப்பைப் பார்ப்பார். ஐந்து வண்ணக்கரும் திறப்பை, அதாவது சாவியை, துண்டாக்கி ஆளுக்கொரு துண்டை வைத்திருப்பது என்று முடிவானது. “அஞ்சு பேரில மூண்டு பேர் சேர்ந்தாத் திறக்கிற மாதிரி வைப்பம்” என்றார் மருமகன்.

இரண்டாம் குடி வண்ணக்கர் எழும்பிவிட்டார். “மூண்டு குடி போதுமெண்டா மத்த ரெண்டு குடியும் என்ன, கச்சான் கடலை விக்க வந்த ஆக்களா?”

“ஒராளுக்கு ஒண்டு நடந்தா மறுகா திறக்கேலாமப் போயிரும், பெரியப்பா.”

“அம்மாள்ர கதவே அஞ்சு குடியும் நிண்டுதான் திறக்கிற. உன்ட கம்ப்யூட்டர் அம்மாளுக்கு மேலயா?”

அப்படியே ஐந்து துண்டும் சேர்ந்தால்தான் திறக்கும் என்று பூட்டானது. ஒவ்வொரு துண்டும் கம்ப்யூட்டர் கொடுத்த நீண்ட சொல்வரிசை; ஆளுக்கு ஒரு வரிசையை ஐந்து பேரும் மனப்பாடம் செய்தார்கள். வீடுகளைச் சோதிக்கிற காலம் என்பதால் எழுதி வைக்கக் கூடாது என்பது கட்டளை.

தம்பி தன்னிடம் இருந்த படங்கள் எல்லாவற்றையும் அறைக்குள் போட்டான். அடுத்த கிழமையே அந்த ஆட்கள் வந்து அவனுடைய போனைக் கொண்டுபோனார்கள். அது திரும்பி வரவேயில்லை. அந்தப் பயத்தில் மற்றவர்களும் படங்களை அறைக்குள் போட்டுவிட்டுப் போனில் இருந்து அழித்தார்கள்.

கோயிலின் வைகாசிச் சடங்குக்கு முன்னர் மூன்றாம் குடி வண்ணக்கருக்கு டெங்கு வந்தது. ஆசுபத்திரியில் நினைவில்லாமல் கிடந்து தப்பி வந்தார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். அந்தச் சடங்கில் பூசை செய்யும் கட்டாடியார் வெற்றிலைத் தட்டோடு குடி வரிசைப்படி காளாஞ்சி மரியாதை கொடுத்துக்கொண்டு வரும்போது, மூன்றாம் குடியைத் தவறவிட்டு நான்காம் குடிக்கு நீட்டிவிட்டார். உடனே தெரிந்து திரும்பினார். ஆனால் மூன்றாம் குடி வண்ணக்கர் சால்வையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு இவ்வளவு கோபம் வருமா என்று நான் நினைத்தேன், அவ்வளவுதான்.

பிறகு முதலாளி முந்திக்கொண்டு வழக்குப் போட்டார். அந்த இடத்தில் துறை என்று ஒன்று இருந்ததே இல்லையாம். முதலாளியின் காணிக்குள் தம்பி புகுந்து கம்பியை வெட்டினானாம். வழக்குக் கிடக்கும்போதே தம்பியைப் பாரிசவாதம் அடித்தது. வலது பக்கமும் போய், பேச்சும் போனது. லோயர் அவனைப் பார்த்துவிட்டு, தலையாட்டுவது சாட்சியாகாது, ஊரார் வாய்ச்சொல்லும் போதாது, துறை இருந்ததற்குப் படம் வேண்டும் என்றார்.

படம் அறைக்குள் இருந்தது. நான்கு குடிகள் வந்தன. மூன்றாம் குடி வரவில்லை. எல்லாரும் போய்க் கேட்டார்கள். “காளாஞ்சிய மாத்திக் குடுத்தவங்ககிட்டயே போய்க் கேளுங்க” என்று கதவைச் சாத்தினார். கட்டாடியார் போய் அவர் வாசலில் மன்னிப்புக் கேட்டார். அதற்கும் அசையவில்லை.

வழக்கின் கடைசித் தவணைக்குச் சில நாட்கள் இருக்க, மூன்றாம் குடி வண்ணக்கர் தனியே எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பி சாய்மனைக் கதிரையில் இருந்தான். அவர் அவன் முகத்தைப் பார்க்காமல் நின்றார். நான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன்.

“தங்கச்சி, எனக்கி ஞாபகம் இல்ல.”

“என்னண்ணே?”

“அந்தச் சொல்லுகள். காய்ச்சலோட போயிட்டு. மூண்டு சொல்தான் நிக்குது. விடியிற நேரமெல்லாம் அம்மாள நினைச்சு நினைச்சுப் பாக்கன், வருதில்ல.”

“அப்ப அந்தக் காளாஞ்சிச் சண்ட?”

“வேறென்ன செய்ய? எங்கட குடிதான் மறந்த எண்டு ஊர் பழிக்குமே. எங்கட தாய்மாருக்கெல்லாம் அது வந்து சேருமே. நான் இரிக்கும்வரை சொல்லாத. அம்மாள் மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். மருமகனுக்கு மட்டும் அவரே சொன்னார். மருமகன் அந்த மூன்று சொல்லையும் வைத்துக்கொண்டு பல நாள் முயன்றார். “சொல்லுகள் குறையப் போனா தேடிப் பிடிக்கலாம் மாமி. இவ்வளவு போனா உலகம் முடியிற வரைக்கும் தேடினாலும் வராது. நான்தான் அப்பிடிக் கட்டினன்” என்றார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

வழக்குத் தோற்றது. இனி அந்தக் கரையில் எங்கள் ஆட்கள் கால் வைக்கக் கூடாது என்றானது. தோணியை விற்றோம். தன்னை வாவிப் பக்கம் பார்க்க இருத்தத் தம்பி விடுகிறானில்லை. கதிரையை மற்றப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி இடக்கையால் காட்டுவான். அவன் போட்ட படம் அங்கேதான் இருக்கிறதாம். முதலாளியாலும் அழிக்க முடியாது, அரசாங்கத்தாலும் முடியாதாம். எங்களாலும் பார்க்க முடியாது. ஒவ்வொரு வைகாசிக்கும் கோயில் கதவு திறக்கும்போது அந்த அறையைத்தான் அம்மாளிடம் கேட்டேன். இப்போது கேட்பதில்லை. கும்பிடுகிறேன், வருகிறேன்.

மூன்றாம் குடி வண்ணக்கர் முதலாளியிடம் காசு வாங்கினார் என்று ஊர் பேசியது. அவருடைய செத்த வீட்டிலும் அதைப் பேசினார்கள். அவருடைய மகள் எனக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சத்தியத்துக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. திவசம் முடிந்து அவளிடம்தான் முதலில் சொன்னேன். “எழுதுங்க மாமி” என்றாள்.

ஆகவே இதை வாசிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். நான் சொன்னபடியே சொல்லுங்கள். அவர் விலைபோனார் என்று கூட்ட வேண்டாம், பெரிய மனிதர் என்று உயர்த்தவும் வேண்டாம். அவர் மறந்துபோனார், சொல்ல வெட்கப்பட்டார். கேட்கிறவர்கள் மனம் ஆறட்டும் என்று கடைசியில் ஒரு வழி பிறந்ததாகவும் சேர்த்துவிடாதீர்கள். பிறக்கவில்லை.