தாமதம்: ஆறு

என் டைரியில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கோடுகள் போட்டுவைப்பது வழக்கம். முதலில் நேரம், அடுத்தது இடம், மூன்றாவது செய்தி. மனதில் பட்டதை அதில் எழுதுவதில்லை. யுத்தம் முடிந்த மறு வருஷத்து ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கம் மட்டும் கோடுகளைத் தாண்டி ஓரமெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. சில இடங்களில் தண்ணீர் பட்டு மை ஊறியிருக்கிறது. அந்தப் பக்கத்தை எதிரே வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. சென்னையில் சரித்திர ஆராய்ச்சி மாணவன். பஸ் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் செய்தி எப்படிப் போய் வந்தது என்பது நான் எடுத்துக்கொண்ட விஷயம். அதற்காக அரசாங்கம் எனக்கு மாதாமாதம் ஸ்டைபண்ட் கொடுத்தது. கீழப்பழுவூரை ஒட்டிய எங்கள் ஊரில் இதை ஒருவரும் நம்பவில்லை. என் அப்பா நிலத்தைத் தவிர வேறொன்றும் அறியாதவர். அவர் என்னை உட்காரவைத்து ஒருநாள் விசாரித்தார்.

"தபால் எப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதானே?"

"ஆமாப்பா."

"நடந்து வந்துச்சு. கண்டுபிடிச்சாச்சு. இதுக்கு சர்க்கார் ஏன்டா சம்பளம் குடுக்குது?"

ஒவ்வொரு மாதமும் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கும்போது, ஆள் மாறிப்போய் எனக்கு வந்துவிட்டதோ என்றுதான் தோன்றும்.

ஸ்டைபண்ட் ஒரு வருஷத்துக்குத்தான். இரண்டாம் வருஷமும் வேண்டுமானால் முதல் வருஷத்து வேலையைப் பற்றி அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு கமிட்டி அதைப் படித்துவிட்டு, தொடரலாம் அல்லது நிறுத்தலாம் என்று முடிவு செய்யும். நிறுத்தினால் ஊர் திரும்ப வேண்டியதுதான். தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலைக்கு அப்பா ஏற்கெனவே ஆளைப் பிடித்து வைத்திருந்தார்.

என் அறிக்கை முழுவதும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் மேல் நின்றது. மருதையாற்றுக்கு மேற்கே ஒரு கிராமத்தில், பள்ளிக்கூட வாத்தியாரே தபாலையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குத் தபால் பையைத் தோளில் போட்டு ஓடிய ரன்னர்கள் அவர் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். அவர் நோட்டில் குறித்துக்கொள்வார். தேதி, பைகள், தாமதம், வந்த நேரம் என்று நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டத்தைக் கரையான் தின்றுவிட்டது. மற்ற மூன்றும் பிழைத்திருந்தன. வாத்தியார் இறந்து வெகுகாலம் ஆகியும், அவர் வீட்டார் அதை அரிசிப் பானைக்கு மூடியாகப் போட்டு வைத்திருந்தார்கள்.

தாமதக் கட்டத்தில் பெரும்பாலும் 'இல்லை' என்றிருக்கும். சில நாள் 1/2, சில நாள் 1. ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே சொல்: ஆறு.

மழைக்காலத்தில் அதெப்படி எப்போதும் சரியாக ஆறு மணி நேரம் தாமதமாகும்? நான் நாள் கணக்கில் யோசித்தேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். ஈரத்தில் ஓடுகிறவர்களுக்கு ஆறு மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று எழுதப்படாத ஒரு விதி இருந்திருக்கிறது. என் அறிக்கையின் முக்கியமான அத்தியாயம் அதுதான். தலைப்பே 'ஆறு மணி விதி'. பேராசிரியர் படித்துவிட்டு, "இது புதுசு. கமிட்டிக்கு இது ஒன்று போதும்" என்றார். வியாழக்கிழமை காலையில் கமிட்டி கூடுவதாக இருந்தது. நான் நேரில் வர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் பெரம்பலூர் தாலுகா ஆபீசில் ஒரு பழைய பாதைப் படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலை அரியலூருக்குத் திரும்பினேன். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடும் பஸ். பெரம்பலூரில் ஒரு தூறல்கூட இல்லை. ஆனால் ஒன்பது பத்துக்கு மருதையாற்றங்கரையில் பஸ் நின்றுவிட்டது. ராத்திரி பச்சைமலையில் மழை கொட்டியிருக்கிறது. தரைப்பாலம் இருந்த இடமே தெரியவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் முழு மரங்களை இழுத்துக்கொண்டு போனது.

கரையில் ஒரு இட்லிக் கடை. நடத்தியவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மாள். இறங்கியவர்கள் எல்லோரும் காலில் அப்பிய கரிசல் சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தோம். சும்மா இருக்கப் பிடிக்காமல் நான் வாத்தியாரின் நோட்டை எடுத்தேன். என் பிரதியில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று, வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தேன்.

"தாமதம் இல்லை. தாமதம் இல்லை. தாமதம் ஆறு. தாமதம் ஆறு."

"ஆறுதான்" என்றார் அந்த அம்மாள், இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே. "வேற எது அவங்கள நிறுத்தும்?"

"என்னக்கா சொன்னீங்க?"

"அது வாத்தியாரு நோட்டுதானே. ஆறு தடுத்துச்சுன்னு எழுதியிருக்காரு. நீங்க படிக்கிறீங்க. நான் ஆமாங்கிறேன்."

"இது ஆறு மணி நேரம்க்கா. எவ்வளவு தாமதம்னு போட்டிருக்காரு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு துணியைப் பிடித்த கையாலேயே ஆற்றைக் காட்டினார்.

"தம்பி, அந்தா போவுதே, அதுக்குப் பேரு என்ன?"

பஸ் கண்டக்டர் இட்லியை மென்றுகொண்டே, "ஏழுன்னு சொல்லிடாதீங்க சார்" என்றார். கடையே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டினேன். அரை என்பதை, ஒன்று என்பதை, பைகளின் எண்ணிக்கையை, எல்லாவற்றையும் வாத்தியார் இலக்கத்தில்தான் எழுதியிருந்தார். இதை மட்டும் எழுத்தில் எழுதியிருந்தார். ஒரு வருஷமாக அந்தப் பக்கங்களைப் பார்க்கிறேன். ஏன் என்று ஒருநாள்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த அம்மாளின் கணவர் பஸ் வரும் வரைக்கும் அந்தத் தடத்தில் ரன்னராக இருந்தவராம். பையை ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் அவர் முறை. வெள்ளம் வந்தால் இவர்தான் கரையில் நின்று கயிறு பிடித்திருக்கிறார்.

"எவ்வளவு நேரம் ஆவும்க்கா?"

"அதை ஆத்தைத்தான் கேக்கணும். ஒருநாள் வெத்தலை போட்டு முடிக்கறதுக்குள்ள வடிஞ்சிடும். ஒருக்கா ரெண்டு நாள் நின்னோம். வாத்தியாரு வந்து பாத்துட்டு, மணி போட்டு என்ன ஆவப்போவுதுன்னு 'ஆறு'ன்னு எழுதிட்டுப் போயிடுவாரு. ஆமா, இதையெல்லாம் நீங்க எதுக்கு எழுதுறீங்க?"

சொன்னேன். படிப்பு, ஆராய்ச்சி, ஸ்டைபண்ட் எல்லாம்.

"யாரு குடுக்குறா?"

"சர்க்கார்."

"சர்க்காருக்கு யாரு குடுக்குறா?"

நிலவரி, அந்த வரி, இந்த வரி என்று நான் இழுத்தேன். அவர் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஆட்டிக் காட்டினார்.

"இதுக்கும் வரின்னு சொல்லித்தான் கடைக்காரன் வெலைய ஏத்துறான். அப்ப இதுல ஒரு குச்சி உங்களுக்கு. அடுப்புப் பத்தவக்கிறேன்னு நெனச்சிட்டிருந்தேன். உங்களையும்ல படிக்க வச்சிருக்கேன்!"

"அக்கா, தம்பி தப்பாப் படிச்சிட்டாரே" என்றார் கண்டக்டர். "உங்க குச்சி நமுத்துப்போச்சு."

மறுபடியும் சிரிப்பு. அந்த அம்மாள் குத்தலாகச் சொல்லவில்லை. ஏதோ ஒரு சொந்தக்காரனைக் கண்டுபிடித்தவர் போல இன்னும் இரண்டு இட்லி வைத்தார். அதுவரை அரசாங்கம் என்றால் சென்னையில் ஒரு மேஜை, ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து என்றுதான் நினைத்திருந்தேன். இப்படி ஈரத் துணியும் கரி பிடித்த விரலுமாக அது என் எதிரில் உட்கார்ந்து, "சட்னி போதுமா தம்பி?" என்று கேட்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

டைரியில் ஓரம் முழுவதும் நான் எழுதியிருப்பது அப்போதுதான். ஒரு பக்கம்: 'சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கமிட்டியில் ஒருவரும் இந்த ஆற்றைப் பார்த்ததில்லை.' அதன் எதிரே: 'எனக்குத் தெரியும். இந்த அம்மாளுக்குத் தெரியும்.' சொன்னால் முக்கியமான அத்தியாயம் போய்விடும். அதோடு இரண்டாம் வருஷமும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். தாலுகா ஆபீஸ் மேஜை கண்ணில் தெரிந்தது.

பத்து மணிக்குக் கண்டக்டர் கவலைப்பட ஆரம்பித்தார். பஸ்ஸில் பெரம்பலூர்த் தபால் பை இருந்தது. சாயங்காலம் அரியலூரில் நிற்கும் சென்னை ரயிலில் அது ஏற வேண்டும்.

"உங்க வூட்டுக்காரரு இருக்காராக்கா?"

"இருக்காரு. அவரு இப்ப சர்க்கார் ஆளு இல்லியே."

"நான் போயி ஆத்துக்கிட்ட சொல்லவா, நீ வடிஞ்சிடு, இங்க சர்க்கார் ஆளு யாரும் இல்லன்னு?"

அவர் எழுந்து போய்க் கணவரைக் கூட்டிவந்தார். ஒல்லியான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர். ஆற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, "அண்டாவ எடு" என்றார்.

இரண்டு பேர் ஒரு பெரிய பித்தளை அண்டாவைத் தூக்கிவந்தார்கள். "என் கல்யாணச் சீரு தம்பி" என்றார் அந்த அம்மாள். "பாயசம் வெச்சது ஒருநாள்தான். மிச்ச நாளெல்லாம் தபாலுக்குத்தான்." பையை மெழுகுத்துணியில் சுற்றி அண்டாவுக்குள் வைத்தார்கள். அண்டா வளையத்தில் கயிறு கட்டி, மறுமுனையைக் கரைப் புளியமரத்தில் சுற்றினார்கள்.

நான் டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். பேராசிரியருக்கு எழுதினேன். 'ஆறு மணி விதி என்ற அத்தியாயம் முழுவதும் தவறு. ஆறு என்பது எண் அல்ல, நதி. கமிட்டி கூடுவதற்கு முன் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.' கூடவே அண்டா, கயிறு, வாத்தியார் மணி போடாததற்குக் காரணம் எல்லாவற்றையும் இடம் இருந்தவரை நுணுக்கி எழுதினேன். மடித்து, விலாசம் போட்டு, என்னிடம் இருந்த தபால் தலையை ஒட்டினேன்.

"அண்ணே, இது பையில சேராது. முத்திரை வெச்சாச்சு. அரியலூர்ல ரயில் தபால் வண்டியிலயே போட்டுடுவீங்களா?"

அவர் வாங்கினார். படிக்கத் தெரியாதவர், ஆனாலும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து அதன் நடுவில் கடிதத்தை வைத்துத் திரும்பக் கட்டிக்கொண்டார். "தலை நனையாதுங்க" என்றார்.

அவர் இறங்கிய இடம் பாலத்துக்கு வெகு தூரம் மேற்புறம். நேராகப் போகவில்லை. தண்ணீர் இழுத்த இழுப்புக்கு உடம்பை விட்டுக்கொடுத்து, சாய்வாக, ஒரு கையால் அண்டாவைத் தள்ளிக்கொண்டே போனார். கரையில் அந்த அம்மாள் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தார். கண்ணால் பார்க்காமல், கயிறு கையில் சொல்வதை மட்டும் கேட்டு, இழுத்தால் விட்டார், தளர்ந்தால் பிடித்தார். நடு ஆற்றில் ஒரு வேப்பமரம் வேரோடு வந்தது. ரன்னர் நின்றார். நிற்க முடியாத அந்தத் தண்ணீரில் எப்படி நின்றார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மரம் போனதும் அண்டா மறுபடி நகர்ந்தது. வெயில் பட்டுப் பித்தளை ஒரு புள்ளியாக மின்னியது. நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். எனக்கு அப்படி நேர்ந்தது அன்று ஒருநாள்தான். டைரியில் அந்த இடத்தில் நேரக் கட்டம் காலியாக இருக்கிறது.

அக்கரையில் ஒரு சிறு உருவம் ஏறியது. தண்ணீர் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. இந்த அம்மாள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் காத்திருந்தார். உருவம் தலைப்பாகையை அவிழ்த்துத் தூக்கிப் பிடித்தது.

"தலைப்பாவத் தூக்குனா பை நனையலைன்னு அர்த்தம்" என்றார் அவர்.

"நனைஞ்சா?"

"வேட்டியத் தூக்குவாரு. இத்தனை வருஷத்துல தூக்குனதில்ல. மானம் போயிடும்ல."

இந்த முறை நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வரும்வரை. வாத்தியார் எழுதிய ஒவ்வொரு 'ஆறு'க்கும் பின்னால் இது நடந்திருக்கிறது. இந்த அண்டா, இந்தக் கயிறு, அக்கரையில் ஒரு தலைப்பாகை. நான் அந்த இடத்தில் ஆறு மணி நேரம் தூங்கிய மனிதர்களைக் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

தண்ணீர் வடிந்து பஸ் கடந்தது மறுநாள் மதியம். கடிதம் வியாழக்கிழமை காலை, கமிட்டி கூடுவதற்குச் சற்று முன் பேராசிரியர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கோபித்துக்கொண்டாராம். பிறகு கமிட்டியின் முன் அத்தியாயத்தை எடுத்துவிட்டு, என் தாளை அந்த இடத்தில் வைத்துப் படித்துக் காட்டினாராம். அதில் ஒருவர், "அண்டாவுக்குள்ளா?" என்று இரண்டு முறை கேட்டாராம்.

உத்தரவு வந்தது. ஒரு வருஷம் கிடைக்கவில்லை. அத்தியாயத்தைத் திரும்ப எழுதிக் காட்டுவதற்குப் பாதி வருஷம் கொடுத்திருந்தார்கள்.

தை மாதம் அந்தக் கடைக்குப் போனேன். ஆற்றில் மணல்தான் இருந்தது. பிள்ளைகள் அதில் ஆடு மேய்த்தார்கள்.

"உங்க சர்க்கார் என்ன சொல்லுச்சு தம்பி?"

"ஆறு மாசம் குடுத்திருக்குக்கா."

"எந்த ஆறு?"

"எண்தான்க்கா."

"இலக்கத்துல எழுதி வையுங்க. பின்னாடி யாராச்சும் தண்ணின்னு படிச்சிடப் போறாங்க."

அன்றைய பக்கத்தில் 6 என்றுதான் எழுதியிருக்கிறேன்.