சாந்தகலா தொம்மலூர் போன கதை

கலா! ஏய் கலா! நான் பெங்களூர் போய்ட்டு வந்துட்டேன்டி. தனியா. நீ இல்லாம. பர்ஸ் தொலைக்கல, பையத் தொலைக்கல. ஒரே ஒரு வாட்டி தப்பான ஸ்டேஷன்ல எறங்கப் பாத்தேன், அதையும் மறைக்காம சொல்லிட்றேன்.

இத படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்த. கலா என் சிநேகிதி. ஆம்பூர்ல ஷூ கம்பெனியில எனக்குப் பக்கத்து மிஷின். ஷூவோட மேல் தோலு தைக்கறது எங்க வேல. வேல போக நாங்க ரெண்டு பேரும் கதை எழுதுவோம். நான் அஞ்சாவதோட நின்னவ, அவ பத்தாவது பாஸு. அதனால நான் சொல்லுவேன், அவ எழுதுவா. மத்தியானம் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அவ நாலே வாயில சோத்த முழுங்கிட்டு நோட்ட எடுத்துக்குவா. நான் சாப்ட்டுகினே சொல்லுவேன். சைக்கிள் ஸ்டாண்டுதான் எங்க ஆபீசு. அப்பறம் வீட்டுக்குப் போயி அவ அத கோடு போட்ட பேப்பர்ல அழகா திருப்பி எழுதிகினு வருவா. அந்த அழகு எழுத்தத்தான் நான் பாப்பேன். மொத நோட்ட பாத்ததே இல்ல. கேட்டா, "அது அடுப்பங்கர மாதிரி, வெளியாளுக்குக் காட்டமாட்டேன்"னுவா.

பேரு சாந்தகலான்னு வெச்சிகினோம். சாந்தி நானு, மிச்சம் அவ. ரெண்டு கதை பெங்களூர்ல ஒரு சின்னப் பத்திரிகையில வந்துச்சு. ஜெராக்ஸ் எடுத்து நடுவுல பின் அடிச்ச பத்திரிகை. கம்பெனியில எல்லாருக்கும் காட்டினோம். பாதி பேரு நம்பல.

மூணாவது கதைய பாதி சொல்லிகினு இருக்கும்போது அவளுக்கு மஞ்சக்காமால. பதினோரு நாளு. அவ்ளோதான்.

காரியம் முடிஞ்சி அவங்கம்மா அந்த மூணாவது கதை நோட்ட எங்கையில குடுத்தாங்க. தொறந்து பாக்க தெம்பு இல்ல. வீட்ல வெச்சிக்கவும் பயம், பழைய பேப்பர்காரன்கிட்ட போயிடும்னு. உள்ள பத்திரிகை அட்ரஸ் எழுதின கவரு ஒண்ணு இருந்துச்சு, அவ கையெழுத்துதான். நோட்ட அதுல போட்டு ஒட்டி அனுப்பிச்சிட்டேன். ஒரு மாசம் கழிச்சி கார்டு வந்துச்சு. "திருமதி சாந்தகலா அவர்களுக்கு"ன்னு. ரெண்டு பேருக்கும் கல்யாணமே ஆவல! "உங்கள் புதிய கதையின் உத்தி எங்களை வியக்க வைத்தது. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு எங்கள் கூட்டத்தில் நீங்களே வந்து வாசிக்க வேண்டும்." உத்தின்னா இன்னான்னு சூப்பர்வைசர கேட்டேன். அவருக்கும் தெரியல, ஆனா தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டினாரு.

நான் கெளம்பினது கதை படிக்க இல்ல. எழுதினவ போய்ட்டா, இனிமே சாந்தகலா கெடையாது, அந்தப் பேர அடிச்சிடுங்கன்னு சொல்லத்தான். கார்டுல எழுதிப் போட்டா முடிஞ்சிது. எழுதறதுதானே எனக்கு வராது.

காலையில அஞ்சு அம்பது. ஆம்பூர் ஸ்டேஷன். டிக்கெட்டு முப்பத்தெட்டு ரூபா. பெங்களூர் நூத்தி எழுவது கிலோமீட்டர் சொச்சம். தை மாசம், பனி சரியா இருந்துச்சு. வாணியம்பாடி வர்றதுக்குள்ள ஜன்னல் சீட்டு கெடச்சிது. மடியில பை, பைக்குள்ள அந்தக் கார்டு.

ஏழு மணி. ஜோலார்பேட்டை. இங்க வண்டி நல்லா நிக்கும். ரெண்டு இட்லி, ஒரு வடை, ஆறு ரூபா. வடை சூடு, இட்லிய பத்திப் பேசவேணாம்.

எட்டரை. குப்பம். அங்க போர்டு தெலுங்குல மாறிடுது. ஒரு அக்கா கனகாம்பரம் கூடையோட ஏறி என் கால்மேலயே வெச்சாங்க. தெனமும் பெங்களூருக்கு பூ எடுத்துகினு போறவங்களாம்.

"எங்கம்மா, இன்டர்வியூவா?"

"இல்லக்கா. கதை படிக்கக் கூப்பிட்டாங்க."

"படிச்சா காசு குடுப்பாங்களா?"

"இல்லக்கா."

"சாப்பாடாச்சும் போடுவாங்களா?"

"தெரியாதுக்கா."

"ஒண்ணும் தெரியாமயா இம்மாந் தூரம் போற? நல்ல பொண்ணும்மா நீ. இந்தா, இத தின்னு." கொய்யாப்பழம் ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க. அத கடிச்சிகினே அவங்ககிட்ட கலாவ பத்திச் சொன்னேன். கேட்டு முடிச்சிட்டு ஒரு மொழம் பூவ கிள்ளி என் தலையில வெச்சாங்க. "அவளுக்கும் சேத்து வெச்சிக்கோ"ன்னாங்க. ஒரு மொழம்னா ரெண்டு மொழம் இருக்கும்.

பத்து மணி. பெங்களூர் ஈஸ்ட்னு ஒரு ஸ்டேஷன். போர்டு மூணு பாஷையில எழுதியிருக்குது, நம்ம பாஷ இல்ல. ஜனங்க "பெங்களூர் பெங்களூர்"ங்கறாங்க. நான் பைய மாட்டிகினு படியில காலு வெச்சிட்டேன். பூக்கார அக்கா என் முந்தானைய புடிச்சி இழுத்தாங்க பாரு! "அடியே கதைக்காரி, உன் ஊரு அடுத்தது!" பொட்டியே சிரிச்சிது.

பத்தேகால். கன்டோன்மென்ட். வெளிய ஆட்டோ. காக்கிச் சட்ட போட்ட அண்ணன் ஒருத்தரு, "எல்லிகம்மா"ன்னு கன்னடத்துல ஆரம்பிச்சி, நான் முழிச்சதும் தமிழுக்கு வந்துட்டாரு.

"தொம்மலூரா? ஊருக்குள்ளயா, மெயின் ரோடு மேலயா?"

"சொக்கநாதர் கோயில் பக்கம்."

"அப்ப உள்ள. உக்காரு தங்கச்சி. மீட்டர்தான், பயப்படாத. நான் ஜீவனஹள்ளி, பொறந்ததே இங்கதான். எங்கப்பா வேலூரு. நீ எந்தப் பக்கம்?"

"ஆம்பூரு."

"பிரியாணி கொண்டாந்தியா?"

"இல்லண்ணா."

"பின்ன எதுக்கு வந்த?"

அல்சூர் ஏரிய சுத்திகினு போனாரு. மரம்னா மரம், வெயிலே கீழ வுழல. இதான் ஏரி, இதான் மிலிட்டரி எடம்னு கேக்காமயே காட்டிகினே வந்தாரு. முப்பத்தியாறு ரூபா ஆச்சு. நாப்பது குடுத்தேன், சில்லற நாலு ரூபாய திருப்பிக் குடுத்துட்டாரு. இத குறிப்பா எழுதறேன். ஊர்ல எல்லாரும் வேற மாதிரி சொல்லி அனுப்பிச்சாங்க.

பத்தே முக்கா. தொம்மலூர். ரோட்டு மேல பெரிய பெரிய கண்ணாடி ஆபீசு. ரெண்டு சந்து உள்ள போனா கோழி மேயுது, பொண்ணுங்க குழாய்ல தமிழ்ல சண்ட போடறாங்க. எனக்கு உயிரே வந்துச்சு.

பத்திரிகை நடத்தறவரு தனபால் அண்ணன். ஃபேக்டரியில லேத் மிஷின் ஓட்டறவரு. கார்டுல எழுதின தமிழ பாத்து கோட்டு போட்ட ஆளுன்னு நெனச்சிகினு போனேன், லுங்கியில பாய் விரிச்சிகினு இருந்தாரு. மாடியில ஷீட்டு போட்ட ரூமு. பதினாலு பேரு. முக்காவாசி தெனக்கூலி வேல பாக்கறவங்க. ஸ்ரீதர்னு ஒருத்தரு மட்டும் கம்ப்யூட்டர் கம்பெனி, திருச்சிக்காரரு.

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள தனபால் அண்ணன் அந்த நோட்ட எங்கையில குடுத்துட்டாரு. "மொதல்ல வாசிங்க மேடம், பேச்செல்லாம் அப்பறம்."

மேடமாம்டி! அதுல மயங்கி உக்காந்துட்டேன். படிச்சிட்டே சொல்லிக்கலாம்னு தொறந்தேன்.

கலா எழுத்து. ஆனா அழகு எழுத்து இல்ல. வேகமா கிறுக்கினது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அடுத்த வரியில இன்னா இருக்குன்னு முன்னாடியே தெரியாது. படிச்சேன்.

"செல்வி ஷூ கம்பெனியில வேல பாக்கறா. மெதுவா சொல்லுடி, ரயிலா ஓட்டற?"

எல்லாரும் சிரிச்சாங்க. ஸ்ரீதர் பக்கத்துல இருந்தவருகிட்ட, "சொன்னேன்ல, கதை சொல்றவளுக்கும் எழுதுறவளுக்கும் உள்ளுக்குள்ளேயே சண்டை. புது உத்தி"ங்கறாரு. நோட்ட கிட்ட புடிச்சி மறுபடியும் பாத்தேன். அவ எல்லாத்தையும் எழுதியிருக்கா! நான் சொன்னது, அவ சொன்னது, எல்லாம். நல்ல பேப்பர்ல எழுதும்போதுதான் அதெல்லாம் எடுத்துடுவா போல. இதுல எடுக்கறதுக்கு அவ இல்ல.

மேல படிச்சேன். செல்வி ஒரு துண்டுச் சீட்டுல தன் பேரும் ஊரும் எழுதி, வெளிநாட்டுக்குப் போற ஷூவுக்குள்ள லைனிங்குக்கு அடியில வெச்சி தச்சுட்றா. "ஊறுகா குடுடி. குடுத்துட்டா. எலுமிச்சங்கா, உப்பு கம்மி." ஆறு மாசம் கழிச்சி செல்விக்கு லெட்டர் வருது, தமிழ்ல.

அப்ப தலைக்கு மேல ஏரோபிளேன். ஏர்போர்ட்டு பக்கத்துலயே இருக்குதாம். ஷீட்டெல்லாம் கடகடன்னு ஆடுது. இவங்க எல்லாம் பழகினவங்க, வாய மூடிகினு அப்படியே உக்காந்திருக்காங்க, போனதும் விட்ட எடத்துலேந்து ஆரம்பிக்கறாங்க. நானும் நிறுத்தினேன். அந்தச் சத்தத்துல அடுத்த வரிய மனசுக்குள்ள கூட்டிப் பாத்தேன்.

"இங்க சாந்தி பொய் சொல்றா. எந்த வெள்ளைக்காரி தமிழ்ல லெட்டர் போடுவா? இருந்தாலும் நல்லா இருக்குது, விட்டுட்டேன்."

சிரிப்பு வந்துடுச்சு. ஏரோபிளேன் சத்தத்துல யாருக்கும் கேக்கல. அப்படியே அழுகையும் வந்துடுச்சு, அதுவும் யாருக்கும் கேக்கல. பிளேன் போனப்பறம்தான் எல்லாரும் பாத்தாங்க. தண்ணி குடுத்தாங்க. குடிச்சிட்டு அந்த வரிய சத்தமா படிச்சேன். இன்னும் ரெண்டே ரெண்டு வரிதான் இருந்துச்சு.

"பெல் அடிச்சிட்டாங்க. கை வலிக்குது. மிச்சத்த நீயே எழுதுடி சோம்பேறி."

எல்லாரும் கை தட்டறாங்க. "என்ன துணிச்சலான முடிவு!"ங்கறாரு ஸ்ரீதரு.

"சார், இது முடிவு இல்ல"ன்னேன். "உத்தியும் இல்ல. இது என் சிநேகிதி." எல்லாத்தையும் சொன்னேன். சைக்கிள் ஸ்டாண்டு, காமால, கவரு, எல்லாம். "சாந்தகலா முடிஞ்சிடுச்சு, பேர அடிச்சிடுங்க"ன்னும் சொன்னேன்.

ஸ்ரீதர் கண்ணாடிய கழட்டி தொடச்சிகினே இருந்தாரு. தனபால் அண்ணன்தான் கேட்டாரு: "சரிம்மா. லெட்டர் போட்டது யாரு?"

"இன்னாண்ணா?"

"செல்விக்கு. அவங்க கேட்டது நியாயமாத்தான இருக்குது. வெள்ளைக்காரி எப்படித் தமிழ்ல போடுவா?"

நான் மொதல்ல நெனச்சிருந்த முடிவு வேற. செல்வி ஏரோபிளேன் ஏறி போற மாதிரி. ஆனா கலா கேட்டுட்டாளே! அவ கேட்டா பதில் சொல்லாம வுடமாட்டேன். வாயில வந்துச்சு: "வெள்ளைக்காரி இல்லண்ணா. அந்த ஊரு கடையில ஷூ அடுக்கற பொண்ணு. எலங்கைத் தமிழு. சண்டையில ஊர வுட்டுப் போனவ. பெரு வெரல் கிட்ட ஏதோ உறுத்துதேன்னு கைய வுட்டுப் பாத்திருக்கா."

யாரோ "ஆ"ன்னாங்க. ஸ்ரீதர் பேனாவ தொறந்துட்டாரு. "நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

நல்ல மனுசன். நான் சொல்லவும் ஆரம்பிச்சிட்டேன். அவரு நோட்ட தன் பக்கம் இழுத்தாரு. கலா எழுத்துக்குக் கீழயே அவரு எழுத்து வரப்போவுது. அங்க "நீயே எழுதுடி"ன்னு இருக்குது.

"சார், பேனாவ குடுங்க"ன்னேன்.

நாலு வரி. அதுக்குள்ள ரெண்டு ஏரோபிளேன் போயிடுச்சு. "இலங்கை"க்கு எந்த ல-ன்னு தனபால் அண்ணன கேட்டேன். பதினாலு பேரும் சும்மா உக்காந்திருந்தாங்க, பரிச்சைக்குப் போன புள்ளய வெளிய நின்னு பாக்கற மாதிரி. முடிச்சி கீழ சாந்தகலான்னு போட்டேன்.

ஒண்ணரை. சாப்பாடு போட்டாங்கக்கா! தனபால் அண்ணன் சம்சாரம் பண்ண சித்ரான்னம், அப்பளம். பூக்கார அக்கா இத படிக்கமாட்டாங்க, யாராவது குப்பம் வண்டியில பாத்தா சொல்லிடுங்க.

கெளம்பும்போது தனபால் அண்ணன், "வந்து போனதையே ஒரு கட்டுரையா எழுதி அனுப்பு. திருத்தாம போட்றேன்"னாரு. மேடம் போயி பேரு சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. அதுதான் எனக்குப் புடிச்சிது.

மூணே முக்கா. திரும்ப கன்டோன்மென்ட், திரும்ப ஜன்னல் சீட்டு. தொம்மலூர்ல ஏரோபிளேன் வயித்துல எழுதியிருக்கறத படிக்கலாம், அவ்ளோ கீழ வருது. எங்க ஆம்பூர்ல அது ரொம்ப ஒசரத்துல வெள்ளக் கோடு இழுத்துகினு சத்தமில்லாம போவும். நானும் கலாவும் சைக்கிள் ஸ்டாண்டுலேந்து அண்ணாந்து பாப்போம். இனிமே பாக்கும்போது அது எங்க போயி எறங்குதுன்னு எனக்குத் தெரியும்.

இத எழுத எட்டு நாளு ஆச்சு. மத்தியானம் சாப்ட்டுட்டு, அதே எடத்துல. நாலே வாயில முழுங்கக் கத்துகினேன். கை நல்லா வலிக்குது கலா. உனக்கு இப்படி வலிக்கும்னு நீ ஒரு நாளும் சொல்லல, நோட்டுல தவிர.

படிச்சவங்க எல்லாரும் ஒரு நிமிசம் அவளுக்காக வேண்டிக்குங்க. கோயிலோ, மசூதியோ, சர்ச்சோ, நீங்க எங்க போறவங்களோ அங்க. பேரு கலா, வயசு இருவது. அவ போன எடத்துல என்ன மாதிரியே எவளாவது கதை சொல்லி எழுதச் சொல்லுவா, இவளும் மாட்டேன்னு சொல்லமாட்டா. அங்கயாச்சும் அவளுக்குக் கை வலிக்காம இருக்கணும்.