கச்சான் காற்று இல்லாத வரைபடம்

உண்மையைச் சொல்லியே என் அக்காவைக் காட்டிக்கொடுத்தவன் நான்.

இத்தனை வருடங்களில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. மனைவியிடம்கூட இல்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்வது ஏனோ சுலபமாக இருக்கிறது...

பதுளையில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். நாட்டின் விவசாய ஏற்றுமதிப் பெறுமதி நீண்டகாலத்தில் எப்படிப் போயிருக்கிறது என்பதை வருடா வருடம் கரும்பலகையில் கோடாக வரைந்து காட்டுவேன். ரூபாயில் வரைந்தால் தேயிலைக் கோடு மலை ஏறும். டொலரில் வரைந்தால் அதே கோடு களைத்துப்போய்ப் படுத்துக்கொள்ளும். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தப் பாடத்தை முடிக்கும் நாளில் எனக்குச் சோறு இறங்காது.

நான் பிறந்தது தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். ஆடி பிறந்தால் வறண்ட கச்சான் காற்று மலையைச் சீவிக்கொண்டு இறங்கும். ஆ, அந்தக் காற்று! தகரக் கூரைமேல் பாரத்துக்கு வைத்த கற்கள் உருளும். உதடு வெடிக்கும். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வரும் வாசனையோ... பூவின் வாசனையா, பழத்தின் வாசனையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாடசாலை விட்டு ரயில் பாதையோரம் நடந்து வரும்போதே மூக்கைத் தூக்கிக்கொள்வோம். இந்தக் காற்று மாதங்களில் பறிக்கும் எங்கள் சீசன் தேயிலையைக் கடல் கடந்தும் போட்டி போட்டு வாங்குகிறார்கள் என்று பெரியவர்கள் பெருமை பேசுவார்கள். அந்த வாசனை வருமா என்று இன்றும் ஆடியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த மணம் எதனால் வருகிறது தெரியுமா உங்களுக்கு? வறண்ட காற்றில் செடி வாடும். கொழுந்து சிறுத்துப்போகும். சிறுத்த கொழுந்தில்தான் அந்த மணம். ஆகவே விலை ஏறுகிற அதே மாதங்களில் கூடை நிரம்பாது. நிறை குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதி நாள் சம்பளம்!

அப்படி அரைப்பேர் வாங்கித்தான் என் அக்கா புஷ்பம் என்னைப் படிக்க வைத்தாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு அவள்தான் எல்லாம். மழை நாட்களில் என் வெள்ளைச் சட்டையை அடுப்பு மேல் பிடித்துக் காயவைத்துத் தருவாள். வகுப்பில் என்மேல் புகை நாற்றம் அடிக்கும். அன்று கூசினேன். இன்று அந்த நாற்றத்துக்கு ஏங்குகிறேன்.

நான் பல்கலைக்கழகம் முடித்து வந்த வருடம், லயத்துப் பெண்கள் கூடிப் பேசினார்கள். கச்சான் மாதங்களில் மட்டும் பறிக்க வேண்டிய நிறையைக் குறைக்கும்படி தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்பதென்று முடிவாயிற்று.

"தம்பி, நீதான் படிச்சவன். கொழுந்து சிறுத்துப் போறப்பதான் வெல ஏறுதுன்னு தொரைகிட்ட இங்கிலீசுலயே எடுத்துச் சொல்லுப்பா. நாங்க சொன்னா காதுல வாங்க மாட்டாரு" என்றாள் அக்கா.

சொல்கிறேன் என்றேன். ஏற்றுமதி வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துரையின் அலுவலகத்துக்குப் போனேன். பெண்கள் வெளியே நின்றார்கள். அக்கா ஜன்னலோரம் நின்றாள்.

துரை இளவயதுக்காரர். என் ஆங்கிலத்தைக் கேட்டதும் புருவம் உயர்ந்தது. உட்காரச் சொன்னார்! எங்கள் அப்பா கைகட்டி நின்ற அறை அது. நாற்காலி... பீங்கான் கோப்பையில் தேநீர்... உட்கார்ந்தேன். என் வீழ்ச்சி அங்கேதான் தொடங்கியது.

வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, நீண்டகாலப் போக்கு என்ன சொல்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அது வருடக் கோடு. அதில் மாதங்கள் இல்லை. கச்சான் இல்லை, சிறுத்த கொழுந்து இல்லை, அரைப்பேர் இல்லை. அதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அதற்காகத்தானே போனேன்? டொலரில் பார்த்தால் பெறுமதி பெரிதாக ஏறவில்லை, தோட்டங்களுக்குக் கஷ்டகாலம்தான் என்றேன். அழகான ஆங்கிலத்தில் சொன்னேன். அத்தனையும் உண்மை! சீசன் விலையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அப்படியானால் நிறையைக் குறைக்க வழியில்லை என்றார் துரை; தலையாட்டினேன். உங்களைப் போல் விளங்கிக்கொள்கிறவர்கள் லயத்தில் இல்லையே என்று துரை எழுந்து கைகொடுத்தார். அது எனக்கு இனித்தது. ஆம், இனித்தது!

ஏன் அப்படிச் செய்தேன்? பயமா? யாரும் மிரட்டவில்லை. வேலை கேட்டுப் போனேனா? அதுவும் இல்லை. அந்த நாற்காலியிலிருந்து எழுந்து, ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களில் ஒருவனாக மறுபடி ஆவதற்கு மனம் வரவில்லை... அவ்வளவுதான்.

"என்னப்பா சொன்னாரு?" என்று அக்கா ஓடி வந்தாள்.

"முடியாதுன்னுட்டாருக்கா" என்றேன்.

அந்தச் சீசனிலேயே, எப்படியாவது நிறை சேர்த்துவிட வேண்டுமென்று, யாரும் போகாத ஓடைச் சரிவில் கொழுந்து தேடி இறங்கினாள் அக்கா. வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு சரியாகக் கூடவில்லை. இன்றும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறாள்.

போன ஆடியில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். வெளியே கச்சான் வீசிக்கொண்டிருந்தது. பக்கத்து லயத்துக்குப் புதிதாக வந்த மருமகப் பெண்ணிடம் அக்கா என்னைக் காட்டிச் சொன்னாள்:

"எங்க தம்பி அன்னைக்கு எங்களுக்காகத் தொரைக்கு முன்னாடி நாக்காலில ஒக்காந்து இங்கிலீசுல சண்ட போட்டான்! நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே நின்னேன். ஜெயிக்காட்டிப் போவுது, தொரையே எந்திரிச்சுக் கைகொடுத்தாருன்னா பாரேன்!"

அந்தப் பெண் என்னை மரியாதையோடு பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்... திறந்த வாயில் அக்கா தந்த தேநீரை ஊற்றிக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாப்பா?" என்று அக்கா எழுந்தாள். காலை இழுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள்.

"ஊத்துக்கா" என்றேன்.