வேர்க்காத வெயில்

கழக்கூட்டத்தில் மகள் குடியிருக்கும் கட்டிடத்தின் கீழே நேற்று ரோட்டுக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள். தார் உருகும் வாசனை. எதிரே தள்ளுவண்டியில் ஒருவர் பலாப்பழத்தைப் பிளந்து வைத்திருந்தார். இரண்டும் ஒரே மூச்சில் சேர்ந்து ஏறியதும், கையில் பால் பாக்கெட்டோடு நடுவெயிலில் அப்படியே நின்றுவிட்டேன்.

"அப்பா, வெயில்ல நிக்கண்டா, மேல வாங்க!" என்று மாடியிலிருந்து மகள் கத்தினாள். பயம் எங்கள் குடும்பச் சொத்து. அவளுக்கு நான் கொடுத்த சொத்தும் அது ஒன்றுதான்.

எழுபதுகளின் நடுவில் நான் கேரளத் தலைநகரில், சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்த்தேன். ஏழாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோன ஆள். பக்கத்து ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவன் தாணு, நாஞ்சில் நாட்டுக்காரன், என் வயது. அவன் கைமாறிய பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினான். வாங்கிய மறுவாரமே, திருநெல்வேலியில் வாக்கப்பட்ட அக்காவுக்கு ஒரு பலாப்பழம் (எங்கள் பேச்சில் சக்கை) கொண்டுபோக வேண்டும், அதுவும் சைக்கிளில்தான் என்று கிளம்பிவிட்டான். சித்திரை மாதம்! "பஸ்ல யாருதான் போகல்ல? நீ வாறியா, இல்ல பாத்திரத்துக்கு வைக்கோல் சுத்திட்டு இருக்கியா?" என்றான். மறுத்தால் அவன் தனியாகப் போய்ச் செத்துவிடுவான் என்ற பயத்தில்தான் சம்மதித்து, நானும் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்தேன்.

நான் எடுத்துக்கொண்டவற்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். குடை, சூட்டுக்கு இடுப்பில் முடிந்துகொள்ள ஆறு சின்ன வெங்காயம், தலைவலித் தைலம், ஒரு உபரி ட்யூப், இரண்டு பெரிய பாட்டில் நிறைய சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். காய்ச்சாத தண்ணீருக்கு எங்கள் ஊரில் பச்சைவெள்ளம் என்று பெயர். அது தொண்டையில் இறங்கினால் டைபாய்டு நிச்சயம் என்று நம்பி வளர்ந்தவன் நான். போதாததற்கு ஒரு சட்டமும் போட்டேன்: அடிக்கடி சட்டையைப் பிழிந்து பார்க்க வேண்டும், வேர்வை சொட்டினால் இறங்கி நிழலில் உட்கார்ந்து ஒரு மடக்குக் குடிக்க வேண்டும்.

முதல் நாள் சட்டம் நன்றாக வேலை செய்தது. பாறசாலை வருவதற்குள் நாலு தடவை உட்கார்ந்தோம். நம்மூர் வெயில் ஆளை அவிக்கிற வெயில். வேர்வைதானே நமக்கு அதை அளக்கிற அளவுகோல்? சைக்கிள் கேரியரில் கட்டிய சக்கை அந்தச் சூட்டில் பழுக்கத் தொடங்கி, மார்த்தாண்டத்திலிருந்து ஈக்கள் எங்களுக்குத் துணை வந்தன. நாகர்கோவிலில் ராத்தங்கி, மறுநாள் காலையில் புறப்பட்டோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் காற்று மாறியது. வறண்ட காற்று. பனகுடியில் சட்டையைப் பிழிந்தேன், சொட்டு இல்லை. முறுமுறுவென்று காய்ந்து, அங்கங்கே உப்புப் பூத்திருந்தது. "தாணு, இந்தப் பக்கம் வெயில் கம்மிடா!" என்றேன். என் ஆயுளில் நான் கவலைப்படாமல் இருந்த ஒரே காலைப்பொழுது அது. டீக்கடைப் பானையில் தண்ணீர் மொள்ளப் போனவனையும், "பச்சைவெள்ளம், தொடாதே" என்று இழுத்து வந்தேன். வேர்க்கவில்லை, ஆகவே உட்காரவில்லை. உட்காரவில்லை, ஆகவே குடிக்கவும் இல்லை. வள்ளியூரைத் தாண்டியபோது உச்சி வெயில். ஒரு பாட்டில் திறக்காமலே இருந்தது.

ஓயாமல் வம்பளப்பவன் பேச்சை நிறுத்தியிருந்தான். எனக்கு அதுகூட உறைக்கவில்லை. திடீரென்று, "எடா, குளிருதுடா" என்றான். திரும்பிப் பார்த்தால் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்து நிற்கிறது. அடுத்த நிமிஷம் சைக்கிளும் சக்கையும் அவனுமாக ரோட்டில் கிடந்தார்கள். தொட்டேன். தோசைக்கல். வேர்வை ஒரு பொட்டு இல்லை.

நல்லவேளை, கூப்பிடு தூரத்தில் தார் போடும் ஆட்கள் இருந்தார்கள். நான் போட்ட கூச்சலில் ஐந்தாறு பெண்கள் ஓடிவந்து அவனைப் புளியமரத்தடிக்குத் தூக்கிப்போனார்கள். முன்னால் நின்றவள் பேரை மற்றவர்கள் கூப்பிட்டதில் தெரிந்துகொண்டேன், பேச்சியம்மாள். அவர்கள் காலில் செருப்பு இல்லை. தார்ச் சூட்டுக்குச் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பேச்சியம்மாள் குனிந்து தன் கால் சாக்கை அவிழ்த்தாள். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். ரோலர் சக்கரத்தில் தார் ஒட்டாமலிருக்க ஊற்றும் பீப்பாய்த் தண்ணீரில் அவற்றை முக்கி, அவன் கழுத்து, அக்குள், தொடை என்று போர்த்தி, மேலே வாளி வாளியாக ஊற்றினார்கள்.

"ஏல, எப்பம் வேர்வை நின்னுச்சு இவனுக்கு?" என்றாள் பேச்சியம்மாள்.

"பனகுடியிலேயே நின்னாச்சு அக்கா. வெயிலு கொறஞ்சுபோச்சுன்னு..."

"கொறஞ்சு கிழிச்சுது! இங்கன வேர்க்கது தெரியாதுல, காத்து நக்கிட்டுப் போயிரும். அதுக்காவத் தண்ணி குடிக்காம வருவீயளோ? பொறவு வேர்க்கதுக்கு ஒடம்புல என்ன கெடக்கும்?"

கால் மணி நேரமோ, அதற்கும் மேலோ. நான் பிழிந்து பார்த்த சட்டைதான் அவனைக் கொன்றது என்று தாணுவின் அம்மாவிடம் எப்படிச் சொல்வேன் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கண் திறந்தான். பேச்சியம்மாள் தன் தூக்குச்சட்டியில் இருந்த பழஞ்சோற்று நீத்தண்ணியில் உப்பைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா? "அக்கா, அது காய்ச்சின வெள்ளமா?" என்று கேட்டுவிட்டேன்.

"காலையிலேருந்து இந்த வெயில்லதான் கெடக்கு. இன்னும் எத்தனை கொதி கொதிக்கணும் ஒனக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். தாணுவும் சிரிக்க முயன்றான். முதலில் கேட்டது, "சக்கை எங்கடா?"

விழுந்த வேகத்தில் அது வெடித்திருந்தது. அவர்களுக்கே கொடுக்கச் சொன்னான். கையில் தடவ எண்ணெய் இல்லையே, பால் ஒட்டுமே என்று நான் கவலைப்பட்டதற்கு, "தாரு ஒட்டுத கையிக்கு இது ஒரு பசையாய்யா?" என்று பிய்த்து ஆளுக்கு நாலு சுளை எடுத்துக்கொண்டார்கள். கொட்டைகளைப் பேச்சியம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டாள். வெயில் தாழ்ந்ததும் ஜல்லி இறக்கிய லாரியில் எங்களையும் சைக்கிள்களையும் ஏற்றிவிட்டார்கள். லாரி நகரும்போது பார்த்தேன்: அவள் கீழே உட்கார்ந்து, தாணுவின் மேல் கிடந்த சாக்கை மறுபடி காலில் கட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்காக எல்லோரும் வெறுங்காலோடு நின்றது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஆயிரம் கவலைப்பட்டவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

தாணு பிறகு திருநெல்வேலியிலேயே கடை வைத்துத் தங்கிவிட்டான். சித்திரை பிறந்தால் போன் வரும். எடுத்ததும் ஒரே கேள்வி: "வேர்க்குதாடா?" வேர்க்குது என்றால் சரி என்று வைத்துவிடுவான்.

போன மாதம் அவன் பேத்திக்குக் கல்யாணம். பேச்சியம்மாளை முதல் வரிசையில் உட்கார்த்தியிருக்க வேண்டிய கல்யாணம். குளிர்சாதன பஸ்ஸில் போனேன். பனகுடி தாண்டியதிலிருந்து ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரோடு நாலு வழியாகிவிட்டது. புளியமரங்கள் இல்லை. காலில் சாக்குக் கட்டிய பெண்களும் இல்லை, எல்லாம் இயந்திரம். அவர்கள் போட்ட தார் எத்தனை அடுக்குக்குக் கீழே கிடக்கிறதோ! வள்ளியூர் தாண்டி எந்த இடம் என்று தெரியாமலே, உத்தேசமாக ஓரிடத்தில் கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்து ஸீட்காரர் ஏதோ கோயில் என்று நினைத்துத் தானும் கும்பிட்டார்.

பிறகு சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. தாகமும் இல்லை. இருந்தாலும் பாட்டிலைத் திறந்து பாதிக்கு மேல் குடித்தேன். நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுக் குழாயில் பிடித்தது. பச்சைவெள்ளம்தான்.