படிக்கு மேலே இருந்த ராகி

மைசூர் கிருஷ்ணமூர்த்திபுரத்தில் சம்பத்குமார் மாஸ்டரைத் தெரியாதவர்கள் கிடையாது. இன்டர்மீடியட் வகுப்புகளுக்குப் பொருளாதாரம் எடுத்தே முப்பத்தோரு வருஷம் ஓட்டியவர். கதர் கோட்டு, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், சைக்கிள் ஹாண்டிலில் ஒரு துணிப்பை. ஆனால் அவரை ஒருத்தர்கூட டாக்டர் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும். ஆய்வேட்டை எழுதி, ஐந்து பிரதி டைப் அடித்து, நீலக் காலிகோத் துணி அட்டையும் போட்டு முடித்த பிறகு, சமர்ப்பிக்கப் பதினெட்டு நாள் இருக்கும்போது காரியம் கெட்டுப்போயிற்று. கெடுத்தது யார் தெரியுமா? அரைப் படி ராகி. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலு. சுதந்திரம் வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. பொருளாதாரம் படித்தவனெல்லாம் நாளைக்கே நாட்டைத் தூக்கி நிறுத்திவிடுவான் என்று ஜனங்கள் நம்பிய காலம். படித்தவனும் அதையேதான் நம்பினான் என்பது தனிக் கதை. சம்பத்குமாருக்கு அப்போது இருபத்தேழு வயசு. மேல்கோட்டையிலிருந்து மைசூருக்கு வந்து குடியேறிய குடும்பத்தில் அவர்தான் முதல் எம்.ஏ. பல்கலைக்கழகம் உபகாரச் சம்பளம் கொடுத்து, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய் என்றது.

அவர் எடுத்துக்கொண்ட விஷயம் எல்லை. கொள்ளேகால் தாலுகா முழுக்க அப்போது மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது. ராமாபுரத்தில் விளைகிற ராகி மைசூருக்கு வர வேண்டுமானால் சாவடியில் வண்டி நிற்கும், சேவகன் மூட்டையைக் குத்திப் பார்ப்பான், சீட்டு எழுதுவான், அவன் வாய்க்கு வெற்றிலையும் போட்டாக வேண்டும். இத்தனை தொல்லையால் ராமாபுரத்து ஜனங்களுக்கு நஷ்டம் உண்டா இல்லையா? இதுதான் கேள்வி. எளிய கேள்வி மாதிரி இருக்கிறது இல்லையா? அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

பதினான்கு மாதம் சந்தை நாள் தவறாமல் ராமாபுரம் போனார். விடியற்காலை பஸ். நரசீபுரத்தில் காப்பி, கொள்ளேகாலில் வேறு பஸ், ஹனூர் தாண்டினால் மண் ரோடு. அந்த பஸ்ஸில் கோழியும் வரும், ஆட்டுக்குட்டியும் வரும், ஆராய்ச்சி மாணவரும் வருவார். அடடா, அந்த நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாஸ்டருக்கு வயசான பிறகும் முகம் மலர்ந்துவிடும். புளியமரத்து நிழலில் சாக்கை விரித்து ராகியைக் கொட்டி வைத்திருப்பார்கள். தமிழ், கன்னடம், நடுவில் கொஞ்சம் தெலுங்கு, எல்லாம் ஒரே மூச்சில் வரும். முதல் படியை ஒன்று என்று எண்ண மாட்டார்கள். "லாபம்" என்று சொல்லிப் போட்டு, அப்புறம்தான் "ரெண்டு, மூணு" என்று போவார்கள். சம்பத்குமார் நோட்டைத் திறந்து பத்துக் கடையில் விலை கேட்டு எழுதிக்கொள்வார். முதல் கடை எப்போதும் வடிவினுடையது.

வடிவுக்கு நாற்பது வயசிருக்கும். புருஷன் இல்லை, மூன்று ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. இவர் வருவதைப் பார்த்ததும், "வாங்க சாமி, எழுதிக்குங்க. போன வாரத்து வெலைதானுங்க" என்று கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள். மறுநாள் மைசூர் மண்டி மொஹல்லாவில் தானியக் கடைகளில் ஏறி இறங்கி அங்கேயும் விலை எழுதுவார். ராமாபுரத்தில் படியால் அளப்பார்கள், மைசூரில் சேரால். இரண்டும் ஒன்றல்ல என்பதால் ஒரு பித்தளைப் படியும் ஒரு சேரும் விலைக்கு வாங்கிக் கல்லூரி ரசாயன சாலைக்கே எடுத்துப்போனார். இரண்டிலும் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, கண்ணாடிக் குழாயில் அளந்து, சொட்டுக் கணக்கில் எழுதி வைத்தார். அப்படி ஒரு அளவுப் பட்டியல் எந்த ஆய்வேட்டிலும் இருக்காது என்று அவருடைய பேராசிரியர் நஞ்சுண்டசாமி மூக்கின் மேல் விரல் வைத்தார்.

கணக்கெல்லாம் போட்டு முடித்தபோது அழகான பதில் வந்தது. வண்டிக் கூலி போக, இரண்டு பக்கமும் விலை ஒன்றே. பதினான்கு மாதமும் ராமாபுரத்தில் விலை அசையக்கூட இல்லை. ஆகவே எல்லை என்பது காகிதத்தில் இருக்கிற கோடுதான், அதனால் யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. இதை எழுதி முடித்த அன்று சம்பத்குமாருக்குத் தரையில் கால் பாவவில்லை. பட்டம் கிடைத்தால் பல்கலைக்கழகத்திலேயே ரீடர் வேலை காத்திருக்கிறது என்று நஞ்சுண்டசாமி சொல்லியிருந்தார். கடைசித் தேதி ஐம்பத்தாறு செப்டம்பர் முப்பது. அந்த மாதம் அவர் மனைவி பூமா மண்டி மொஹல்லாவுக்கு இரண்டு நடை போய்வந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "சாமான் வாங்கத்தான்" என்றாள். வெறுங்கையோடு வந்தாளே என்று இவருக்குத் தோன்றவில்லை. கவனித்தால்தானே!

பைண்டு செய்த பிரதிகள் வந்த பிறகு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வரலாம் என்று கடைசியாக ஒருமுறை ராமாபுரம் போனார். பூமா ராகி வாங்கி வரச் சொல்லியிருந்தாள். பதினான்கு மாதம் விலை கேட்டவர் அன்றுதான் முதல்முதலாக வாங்கினார். வடிவிடம் நாலு படி.

மறுநாள் மத்தியானம் பூமா அதைப் புடைத்து, அந்த ரசாயன சாலைப் பித்தளைப் படியாலேயே அளந்து டப்பாவில் கொட்டினாள். படி அவள் சமையலறைக்கு வந்து வருஷமாகிவிட்டது. அளந்தவள் திரும்பக் கீழே கொட்டி மறுபடியும் அளந்தாள். பிறகு கூடத்துக்கு வந்தாள்.

"ஏன்னா, நாலு படின்னுதானே சொன்னேள்? நாலரை இருக்கே."

"தெரிஞ்சவா இல்லையா, கூடப் போட்டிருப்பா," என்றார் அவர், பிரதியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கூடப் போட்டா ஒரு கைப்பிடி போடுவா. இது அரைப் படின்னா! குவிச்சு அளந்திருப்பாளோ என்னமோ. நான் தலைய வழிச்சுன்னா அளந்தேன்."

சம்பத்குமார் தலையைத் தூக்கினார். சமையலறைக்குப் போய்ப் படியை வாங்கி, ராகியை அள்ளிப் போட்டார். விளிம்புக்கு மேலே அது கோபுரமாக நின்றது. விரலால் வழித்தார், சரிந்தது. மறுபடி போட்டார், மறுபடி நின்றது. தண்ணீர் குவியாது. ராகி குவியும். இதைத் தெரிந்துகொள்ள எம்.ஏ. படித்திருக்க வேண்டாம், ஒரு நாள் வீட்டுக்கு அரிசி அளந்து போட்டிருந்தால் போதும். அவர் போட்டதில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டி மொஹல்லாவுக்கு ஓடினார். அங்கே கடைக்காரன் சேரை நிரப்பி, ஒரு கட்டையால் சர்ரென்று தலையை வழித்துக் கொட்டினான். நூறு தடவை பார்த்த காட்சிதான். அந்த வாரச் சந்தைக்கு மறுபடி ராமாபுரம் பஸ் ஏறினார்.

"ஏம்மா வடிவு, நீங்க எப்பவும் குவிச்சுத்தான் அளப்பேளா?"

வடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "குவிக்காம அளந்தா அது படியாங்க? ஆருங்க வாங்குவா?"

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே!"

"நீங்க எங்கீங்க கேட்டீங்க? படி என்ன வெலைன்னு கேட்டீங்க, சொன்னேன்."

"சரி, எவ்வளவு குவிப்பேள்? எப்பவும் ஒரே அளவுதானா?"

"அதெப்படீங்க ஒரே அளவு? அறுப்புக் காலத்துல நல்லா நிக்க நிக்கக் குவிப்போம். பஞ்சத்துல தட்டையா விட்டுருவோம். வெலைய ஏத்துனா ஊரே சண்டைக்கு வருமுங்க. குவியலக் கொஞ்சம் தாழ்த்துனா ஆரு கேக்கறாங்க?" என்று சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "சாவடி தாண்டி மைசூருக்குப் போற வண்டிக்காரன் வாங்குனா, அவன் சாவடிச் செலவுக்கும் சேத்து இன்னும் ஒசத்தித்தான் குவிக்கோணும். இல்லாட்டி அவன் நம்ம பக்கம் திரும்பமாட்டானுங்க. என்னுங்க சாமி, ஏதாச்சும் தப்பாச்சுங்களா?"

தப்பா! பதினான்கு மாத ஆராய்ச்சியும் தலைகீழ். விலை அசையவில்லை என்று இவர் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார். விலை அசையாமல்தான் இருந்தது, அசைந்ததெல்லாம் குவியல். எல்லையால் யாருக்கும் நஷ்டமில்லை என்று அடிக்கோடு போட்டு முடித்திருக்கிறார். அந்த நஷ்டத்தை வடிவு ஒவ்வொரு படிக்கும் மேலே வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இவர் கண்ணெதிரே கொடுத்தாள். இவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சராசரியாக இவ்வளவு என்று ஒரு பெருக்கல் போட்டுச் சரிசெய்யவும் வழியில்லை, ஏனென்றால் எந்த வாரம் எவ்வளவு குவித்தார்கள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நஞ்சுண்டசாமி நல்ல மனிதர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவர் கன்னடத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: பரீட்சகர்களில் ஒருவர் பம்பாய்க்காரர், இன்னொருவர் லண்டனில் இருக்கிறார், இரண்டு பேரும் ராகியைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. ஓர் அடிக்குறிப்புப் போட்டுவிட்டுச் சமர்ப்பித்துவிடு. வீட்டில் இரண்டு குழந்தைகள் இருக்கின்றன, யோசித்துக்கொள்.

யோசிக்காமலா இருப்பார்? நாலு நாள் சோறு இறங்கவில்லை. டாக்டர் என்ற வார்த்தை அவருக்கும் இனித்தது. மேல்கோட்டையில் இருந்த அவருடைய அப்பா அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் பிரதியைத் திறந்தால் அந்தக் கடைசி வரியில் கண் போய் நின்றது, நின்றால் வடிவின் கை தெரிந்தது. ஐந்தாம் நாள் காலையில், "பூமா, நான் கொடுக்கப் போறதில்லை," என்றார். அவள் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தாள். அன்றைக்கு வெகுநேரம் தேய்த்தாள்.

ஒரு வருஷம் அவகாசம் கேட்டார், கொடுத்தார்கள். தராசைத் தூக்கிக்கொண்டு ராமாபுரம் போய் ஒவ்வொரு படியையும் நிறுத்து எழுத ஆரம்பித்தார். ஜனங்கள் சிரித்தார்கள், வடிவு மட்டும் மற்றவர்களை அதட்டி நிற்கவைத்தாள். ஆறு சந்தைதான் கிடைத்தது. நவம்பர் ஒன்றாம் தேதி ராஜ்யங்களைப் புதிதாகப் பிரித்தார்கள். கொள்ளேகால் மைசூரோடு சேர்ந்தது, சாவடி காலியாயிற்று. நல்ல காரியம்தான். வடிவுக்கு நல்லதுதான். பஸ் அந்தச் சாவடியில் நிற்காமல் போனபோது சம்பத்குமாருக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஆராய்ச்சி செய்ய இனி அந்த எல்லையே இல்லை. ஆறு வார எழுத்தை வைத்து யார் பட்டம் கொடுப்பார்கள்? உபகாரச் சம்பளமும் நின்றது. இன்டர்மீடியட் காலேஜில் கிடைத்த வேலையில் சேர்ந்துவிட்டார்.

அப்புறம் கிலோ வந்தது, படியும் போயிற்று, குவியலும் போயிற்று. வகுப்பில் விலை பற்றிய பாடம் வரும்போதெல்லாம் மாஸ்டர் ஒரு படியையும் ஒரு பொட்டலம் ராகியையும் துணிப்பையில் கொண்டுபோவார். குவித்துக் காட்டி, "இது எந்தப் புஸ்தகத்திலும் இருக்காது, குனிஞ்சு எழுதாதேங்கோ, பாருங்கோ" என்பார். பையன்கள் பின்னால் சிரிப்பார்கள். ஏன் கொண்டுவருகிறார் என்று ஒருத்தனுக்கும் சொன்னதில்லை.

எண்பத்தேழில் ஓய்வு பெற்றார். வீட்டிலேயே இருந்து பழக்கமில்லாத மனுஷர், பூமாவுக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று சாமான் வைக்கிற உக்கிராண அறைக்குள் நுழைந்தார். முப்பத்தோரு வருஷத்தில் அங்கே கால் வைப்பது அதுதான் முதல் தடவை என்றால் மிகையில்லை. ராகி டின்மேல் தகர மூடிக்குப் பதிலாக ஒரு பலகை கிடந்தது. எடுத்துத் திருப்பினார். கறுப்பு வார்னிஷில் வெள்ளைக் கன்னட எழுத்து, அழகான கை: டாக்டர் எம். டி. சம்பத்குமார். ஓரத்தில் பெயிண்டர் போட்ட தேதி, 1956 செப்டம்பர்.

மண்டி மொஹல்லாவுக்கு இரண்டு நடை. ஒன்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டு வர, ஒன்று விலை பேச. அப்புறம் எப்போது போய் வாங்கி வந்தாளோ, கேட்கவும் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தால் அறை வாசற்படியில் பூமா நின்றுகொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ரெண்டாந்தரம் அளந்தேன் பாருங்கோ," என்றாள். "அப்பவே தோணித்து. அந்த அரைப் படியச் சத்தமில்லாம டப்பாவுல கொட்டிட்டுப் பேசாம இருந்திருக்கலாம். நான்னா உங்களக் கெடுத்தேன்."

"முப்பத்தோரு வருஷமா இதையா மனசுல வச்சுண்டிருந்தே?" என்றார். "அசடே. மைசூர் யூனிவர்சிட்டி மொத்தத்துலயும் என் தீசிஸ உக்காந்து சரிபாத்தவ நீ ஒருத்திதான்டி."

பலகையில் ஒட்டியிருந்த ராகித் தூசியை வேட்டி முனையால் துடைத்தார். வாசலில் மாட்டப் போகிறாரோ என்று அவள் பார்த்தாள். அவர் எழுத்து கீழே இருக்கும்படி டின்னின் மேலேயே வைத்து, சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டினார்.

அன்று மாலை ரொட்டிக்கு ராகி அரைக்கப் பூமா அந்தப் பித்தளைப் படியை எடுத்தாள். இரண்டு பேருக்கு அரைப் படியே அதிகம். அவள் படி நிறைய அள்ளி, மேலே நிற்கிற வரைக்கும் குவித்து, வழிக்காமல் அவரிடம் கொண்டுவந்து காட்டினாள்.