பைப் லாரியும் என் பங்குகளும்

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு எடை மேடையில் வேலை பார்த்தேன். லாரி மேடையில் ஏறி நிற்கும். எடையைப் பார்த்து, லாரி நம்பரோடு சீட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம். ஆனால் எனக்குப் பயம் ஜாஸ்தி. எடையை இரண்டு தரம் பார்த்து எழுதுவேன். லாரி போன பிறகும், சரியாகத்தான் எழுதினோமா என்று சீட்டின் நகலை எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

இப்படிப்பட்டவன் பங்கு வாங்கினேன் என்றால் நம்புவதற்கு எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

மேடை முதலாளி சென்னைக்காரர், பங்கு வாங்கி விற்கிற பழக்கம் உள்ளவர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருந்த ஒரு பைப் கம்பெனியின் லாரிகள் எங்கள் மேடையில்தான் எடை போட்டன. "எவ்ளோ சரக்கு வெளிய போவுதுன்னு உனக்குத் தெரியும், பங்கு வாங்குறவனுக்குத் தெரியாது. நீதான்யா ராஜா" என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அது மண்டையில் ஏறிவிட்டது. லாரிகள் அதிகம் போன வாரத்துக்குப் பின்னால் பேப்பரில் அந்தப் பங்கின் விலை ஏறுகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். பல தடவை ஏறியது. காசே போடாமல் மனசுக்குள் பந்தயம் கட்டுவேன். ஜெயித்தால் அன்றைக்கெல்லாம் கால் தரையில் பாவாது. டீக்கடையில் பேப்பரைக் கையில் வாங்கும்போதே நெஞ்சு படபடக்கும். எதற்கெடுத்தாலும் படபடக்கிற நெஞ்சு அது. ஆனால் இந்தப் படபடப்பு மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

நிஜக் காசு போடச் சொன்னது என் மனைவி. பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவள். கூட்டுரோட்டில் கருவாடு விற்றாள். கருவாட்டு நாற்றம் என்று சொல்லி, வீட்டுக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். பெரியபாளையம் போகிற ரோட்டில் ஒரு துண்டு மனை விலைக்கு வந்தது. கொஞ்சம் முன்பணம் கொடுத்திருந்தோம். ஆடி முடிவதற்குள் மீதியைக் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார் மனைக்காரர். சேர்த்ததை அப்படியே வைத்திருந்தால் பத்தாது.

"மன்சுக்குள்ளயே ஜெயிச்சிக்கினு இருந்தா மனை வந்துடுமா? போட்டுப் பாருய்யா" என்றாள்.

"போயிட்டா?"

"போனா இன்னா, இன்னொரு ஊட்டுக்காரன் தொரத்துவான். புச்சாவா தொரத்தப் போறான்?"

முதலாளி சொல்லிவிட்ட தரகர் ஆபீஸ் பாரிஸ் கார்னரில் இருந்தது. அங்கே போய் அந்த பைப் கம்பெனிப் பங்கை வாங்கினேன். பங்குப் பத்திரங்களை வைக்க எங்களிடம் இருந்தது ஒரே தகரப் பெட்டி. அதன் மேல் எப்போதும் கருவாட்டுக் கூடை இருக்கும்.

விலை மெதுவாக ஏறியது. ஆடி பிறந்தது. பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போதே விற்றால் மனைக்குக் காசு சரியாக வரும். விற்றுவிடலாம் என்று நான் துடித்தேன். ஆனால் அந்த வாரம் மேடையில் நடந்ததைப் பார்த்து எனக்கே ஆசை வந்துவிட்டது. பைப் கம்பெனிக்குள் போகிற லாரிகளும் முழு பாரத்தோடு போயின. வெளியே வருகிற லாரிகளும் முழு பாரத்தோடு வந்தன. உள்ளே இவ்வளவு கச்சாப் பொருள் போகிறதென்றால் எவ்வளவு பெரிய ஆர்டர்! இன்னும் நாலு நாள் பொறுத்தால் மனையோடு ஒரு அறையும் கட்டலாம் என்று கணக்குப் போட்டேன்.

உள்ளே போகிற லாரி ஒன்று மேடையில் நின்றது. டிரைவர் நெல்லூர்ப் பக்கத்து ஆள், தெரிந்தவர். சீட்டை நீட்டியபடி, "இன்னாண்ணே, இரும்புத் தகடா?" என்று கேட்டேன்.

"தகடு ஏது நைனா? பைப்பு. இவங்க அனுப்புனதுதான். அங்க எறக்கவே உடல, வேணாம்னு திருப்பிட்டாங்க. பேஜாரு!"

சீட்டு என் கையிலிருந்து நழுவி விழுந்தது. நான் ஆர்டர் என்று நினைத்து எண்ணிக்கொண்டிருந்தது எல்லாம் திரும்பி வந்த சரக்கு. ஒரு வாரமாக என் கண்ணெதிரே, என் கையெழுத்தோடு, திரும்பிப் போயிருக்கிறது. நான் சந்தோஷமாக எடை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவள் கூடையை இறக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். திரும்பி வந்த பைப்பைப் பற்றிச் சொன்னேன். "சேதி பேப்பர்ல வர்றதுக்குள்ள வித்துட்டு வா. உக்காந்து அழுதுக்கினு இருக்காத" என்றாள். பஸ்ஸில் செங்குன்றம் வரைக்கும் மூச்சு விட்டேனா என்று தெரியாது. ஏறியிருந்தவர்கள் எல்லோருமே அந்தப் பங்கை விற்கத்தான் போகிறார்கள் என்று தோன்றியது.

தரகர் ஆபீஸ் குமாஸ்தா பத்திரங்களை வாங்கியதும் மூக்கைச் சுளித்தார்.

"ஏம்ப்பா, உன் கம்பெனி பைப்பு பண்ணுதா, கருவாடு பண்ணுதா?"

ஆபீஸே சிரித்தது. எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. பங்கை மாற்றிக் கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போட்டேன். வாங்கும்போது நான் போட்டிருந்த பழைய கையெழுத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது என்ன, ஓடுற பஸ்ல போட்டியா? ரெண்டும் ரெண்டு ஆள் போட்ட மாதிரி இருக்கு. கம்பெனியில திருப்பி அனுப்பிடுவான்."

திருப்பி அனுப்புவது என்ற சொல்லைக் கேட்டதும் கை இன்னும் நடுங்கியது. வேறு தாள் கொடுத்தார். அதுவும் கோணல். வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். டீ சட்டையில் கொட்டியது. திரும்பி வந்து நிற்கும்போது மனை கைவிட்டுப் போவது கண்ணில் தெரிந்தது. வீட்டுக்காரர் வாசலில் நின்று மூக்கைப் பொத்துவது தெரிந்தது.

அப்போது என்ன தோன்றியதோ, ஒரு வேண்டாத தாள் கேட்டேன். அதில் அந்த நெல்லூர் லாரியின் நம்பரை எழுதினேன். பாரத்தோடு எடை, காலி எடை, சரக்கின் எடை. வரிசையாக எழுதி வந்த கை, கீழே தானாகக் கையெழுத்தும் போட்டது. தினமும் போடுகிற அதே கையெழுத்து. மூச்சு விடாமல் இன்னொரு சீட்டு எழுதினேன். உடனே குமாஸ்தா அந்தத் தாளை உருவிவிட்டு, மாற்றும் தாளைக் கைக்கடியில் தள்ளினார்.

"ம், இப்பப் போடு. லாரி வெயிட் பண்ணுது!"

போட்டேன். பழைய கையெழுத்தும் இதுவும் ஒன்றாக இருந்தன. அன்றே விற்றுக் கொடுத்தார்கள். ஆடி முடிவதற்குள் காசு வந்தது. மனை எங்களுடையதாயிற்று.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன். கொஞ்ச நாள் கழித்து டீக்கடையில் பேப்பரைப் பார்த்தால், அந்தப் பங்கு இறங்கவே இல்லை. நான் விற்றதற்கு மேலே ஏறி நிற்கிறது. டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். அடுத்த தடவை நெல்லூர் டிரைவர் வந்தபோது மடக்கிக் கேட்டேன்.

"அதுவா? ரெண்டு ஊரு லோடு மாறிப் போச்சு நைனா. மெல்லிசு கேட்டவனுக்குத் தடிசு, தடிசு கேட்டவனுக்கு மெல்லிசு. உள்ள போயி மாத்திக்கினு திரும்பப் போனோம். இன்னா, உன் மூஞ்சி இப்டி ஆயிடுச்சி?"

எடை மேடை எடையைத்தான் காட்டியிருக்கிறது. மற்றதெல்லாம் நானாக நினைத்துக்கொண்டது.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் குமைந்தேன். அவள் புது மனையில் கயிறு கட்டிக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். கேட்கவோ மூக்கைப் பொத்தவோ யாருமில்லை. சொன்னேன். நிமிராமலே கேட்டாள்.

"மனை கையில கீதா, போயிடுச்சா?"

"கீது."

"அப்பறம் இன்னாத்துக்கு எழவு உழுந்த மாதிரி நிக்கிற? அடுத்து எத வாங்கலாம், அதச் சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் மறுநாள் காலையில் ஒரு பெயிண்ட் கம்பெனி லாரி மேடையில் ஏறி நின்றபோது, சீட்டு எழுதுவதற்கு முன்னால் நான் சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறி, தார்ப்பாயைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.